மொராக்கோவில் பணியாளர்களை அமர்த்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசாபிளாங்காவில் ஒரு சிறிய அலுவலகத்தையோ, டான்ஜியர் துறைமுகத்தை ஒட்டி ஒரு பணிமனையையோ தொடங்க நினைக்கும் நிறுவனங்களின் பணியாளர் துறையினரும் கணக்காளர்களும் பெரும்பாலும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. மொராக்கோவில் ஒருவரை வேலைக்கு எடுப்பது எளிது. அவரை முறைப்படி வைத்திருப்பதும், தேவைப்பட்டால் முறைப்படி அனுப்புவதும் காகிதங்களையும் தேதிகளையும் சார்ந்த காரியங்கள் என்பதால், விடைகளில் அவற்றுக்கே கூடுதல் இடம் தரப்பட்டுள்ளது.

எந்தச் சட்டத்தைப் பின்பற்ற வேண்டும்?

தனியார் துறை முழுவதற்கும் அடிப்படையாக இருப்பது 65-99 என்ற எண் கொண்ட தொழிலாளர் சட்டத் தொகுப்பு. 2003ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2004 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த இத்தொகுப்பில் 589 பிரிவுகள் உள்ளன. அதற்கு முன் பிரெஞ்சு ஆட்சிக்காலத்திலிருந்து சிதறிக் கிடந்த ஆணைகள் பலவற்றின் இடத்தை இது ஒன்றே எடுத்துக்கொண்டது. சமூகப் பாதுகாப்புக்குத் தனிச் சட்டமும், பணியிட விபத்துகளுக்குத் தனிச் சட்டமும், வீட்டுப் பணியாளர்களுக்குத் தனிச் சட்டமும் இருக்கின்றன. தொகுப்பில் உள்ளவை குறைந்தபட்ச உரிமைகள். ஒப்பந்தத்தின் வழியாக அவற்றை உயர்த்தலாம், குறைக்க இயலாது. குறைத்து எழுதிய பிரிவில் பணியாளரே கையெழுத்திட்டிருந்தாலும் அது செல்லாது.

மொராக்கோவில் நிறுவனம் பதிவு செய்யாமல் ஆளமர்த்த முடியுமா?

வேறொரு நிறுவனத்தின் பெயரில் ஆளை அமர்த்தி, வேலையை மட்டும் நாம் வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைப் பல இடைநிலை நிறுவனங்கள் விற்கின்றன. ஆனால் ஒருவர் அமர்த்திய பணியாளரை இன்னொருவரின் பயன்பாட்டுக்கு அளிக்கும் இத்தகைய தொழிலுக்குச் சட்டத் தொகுப்பு வகுத்திருக்கும் வழி, அரசின் உரிமமும் வைப்புத் தொகையும் கொண்ட தற்காலிகப் பணியாளர் முகமைதான். அந்த வழியில் ஒரு பணிக்கான காலம் சில மாதங்களைத் தாண்டக் கூடாது. அதுவும் விடுப்பில் சென்றவருக்கு மாற்று, தற்காலிக வேலைப் பெருக்கம் போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டுமே. ஆகவே ஆண்டுக்கணக்கில் ஒருவரை இவ்வாறு வைத்திருப்பது சட்டத்தின் உறுதியான தரையில் நிற்பதாகச் சொல்ல இயலாது. ஓரிருவரைக் கொண்டு சந்தையை அறிந்துகொள்ள இது உதவக்கூடும். ஐந்தாறு பேர் நிலையாகத் தேவைப்படுகிறார்கள் என்றால், அங்கேயே பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்துகொள்வதே நல்லது. மாநிலந்தோறும் உள்ள முதலீட்டு மையங்கள் இதற்கு வழிகாட்டுகின்றன.

பதிவு முடிந்து ஆட்களை எடுக்கத் தொடங்கும்போது, நிறுவனம் திறக்கப்பட்டதைத் தொழிலாளர் ஆய்வாளருக்கு அறிவிக்க வேண்டும், சி.என்.எஸ்.எஸ். எனப்படும் தேசிய சமூகப் பாதுகாப்பு நிதியத்தில் நிறுவனத்தையும் பணியாளர்களையும் சேர்க்க வேண்டும். பணியிட விபத்துக்கான காப்பீட்டை ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் எடுக்க வேண்டும். இந்த மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விபத்துக் காப்பீடு சமூகப் பாதுகாப்பு நிதியத்தின் சந்தாவுக்குள் அடங்காது. 18-12 என்ற சட்டத்தின்படி அது தனியான கட்டாயக் காப்பீடு.

ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாக வேண்டுமா?

வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். வேலை செய்ததை எந்தச் சான்றைக் கொண்டும் பணியாளர் நிறுவலாம். எழுதினால் இரண்டு படிகள் எடுத்து, இருவரும் கையெழுத்திட்டு, அந்தக் கையெழுத்துகளை உரிய அரசு அலுவலகத்தில் சான்றொப்பம் செய்து, ஒரு படியைப் பணியாளரிடம் கொடுக்க வேண்டும். வட்டார நிர்வாக அலுவலகங்களில் முத்திரை குத்திக்கொள்ளும் இந்த நடைமுறை மொராக்கோவின் அன்றாட வாழ்வில் ஊறிய ஒன்று. வாடகை ஒப்பந்தம் முதல் வாகன விற்பனை வரை எதற்கும் அந்த வரிசையில் நிற்கத்தான் வேண்டும். எழுதாத ஒப்பந்தத்தால் முதலாளிக்குத்தான் நட்டம். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் அது காலவரையற்ற ஒப்பந்தமாகவே கருதப்படும். தகுதிகாண் பருவம் ஒன்று இருந்தது என்று பின்னர் வாதிடுவதும் கடினமாகிவிடும்.

ஓராண்டு ஒப்பந்தம் கொடுத்து, பிடித்திருந்தால் நீட்டிக்கலாமா?

வெளிநாட்டு நிறுவனங்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். பெரும்பாலான நேரங்களில் முடியாது என்பதே விடை.

சட்டத்தின் பார்வையில் காலவரையற்ற ஒப்பந்தமே இயல்பானது. காலவரையறை உள்ள ஒப்பந்தம் விதிவிலக்கு. பணி தற்காலிகத் தன்மை உடையதாக இருந்தால் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று 16ஆம் பிரிவு சொல்கிறது. விடுப்பு போன்ற காரணத்தால் பணி நிறுத்திவைக்கப்பட்ட ஒருவருக்கு மாற்றாக ஆள் எடுப்பது, வேலை தற்காலிகமாகப் பெருகுவது, பருவகால வேலை ஆகியவை அப்பிரிவில் சொல்லப்படும் நிலைமைகள். வேலைநிறுத்தத்தில் இருப்பவரின் இடத்தில் ஆள் எடுப்பதற்கு இது பொருந்தாது என்பது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது.

புதிதாகத் தொடங்கும் நிறுவனங்களுக்கு 17ஆம் பிரிவு ஒரு சலுகை தருகிறது. வேளாண்மை அல்லாத துறையில் நிறுவனம் முதன்முறையாகத் திறக்கப்படும்போதோ, புதிய கிளை தொடங்கப்படும்போதோ, புதிய பொருள் சந்தைக்கு வரும்போதோ அதிகபட்சம் ஓராண்டுக்கு ஒப்பந்தம் செய்து, ஒரே ஒரு முறை புதுப்பிக்கலாம். அதன் பின்னும் அவர் வேலையைத் தொடர்ந்தால் ஒப்பந்தம் தானாகவே காலவரையற்றதாகிவிடும். வேளாண்மையில் ஆறு மாத ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கலாம். மொத்தக் காலம் இரண்டு ஆண்டுகளைத் தாண்டக் கூடாது.

நடைமுறையில் நிகழ்வது வேறு. ஆறு மாதம், இன்னும் ஆறு மாதம், பிறகு சில வாரங்கள் இடைவெளி விட்டு மறுபடியும் ஆறு மாதம் என்று ஒரே கணக்காளரை ஒரே மேசையில் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. வழக்கு வரும்போது நீதிமன்றம் தாளின் தலைப்பை மட்டும் பார்ப்பதில்லை, வேலையின் தன்மையைப் பார்க்கிறது. நிரந்தரத் தேவைக்கான வேலை என்று தெரிந்துவிட்டால், “ஒப்பந்தம் முடிந்தது” என்று அனுப்பிய கடிதமே காரணமற்ற பணிநீக்கமாகிவிடும். ஒருவரின் திறனை அறிந்துகொள்வதுதான் நோக்கம் என்றால், அதற்குச் சட்டம் வைத்திருக்கும் கருவி தகுதிகாண் பருவம். அதை விட்டுவிட்டுக் காலவரையறை ஒப்பந்தத்தைத் தேடுவது தேவையற்ற ஆபத்து.

தகுதிகாண் பருவம் எவ்வளவு?

காலவரையற்ற ஒப்பந்தத்தில் மேலாண்மை நிலையினருக்கு மூன்று மாதம், அலுவலகப் பணியாளர்களுக்கு ஒன்றரை மாதம், தொழிலாளர்களுக்கு 15 நாள். ஒவ்வொன்றையும் ஒரு முறை நீட்டிக்கலாம். காலவரையறை ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு உட்பட்டதென்றால் வாரத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அதிகபட்சம் இரண்டு வாரம். ஆறு மாதத்துக்கு மேற்பட்டதென்றால் ஒரு மாதம். இப்பருவத்தில் இருவரில் எவரும் ஈட்டுத்தொகை இன்றி விலகலாம். எனினும் ஒரு வாரம் வேலை செய்து முடித்தவரை, அவர் பெருந்தவறு எதுவும் செய்யாத நிலையில், அனுப்புவதற்குக் குறுகிய முன்னறிவிப்பு உண்டு: மாத ஊதியம் பெறுபவருக்கு எட்டு நாள், மற்றவர்களுக்கு இரண்டு நாள்.

குறைந்தபட்ச ஊதியம் என்ன?

தொழில், வணிகம், சேவைத் துறைகளில் மணிக்கணக்கிலும் வேளாண்மையில் நாட்கணக்கிலும் அரசு நிர்ணயிக்கிறது. 2024 ஏப்ரலில் அரசும் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் கூட்டமைப்பும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி இத்தொகையை இரண்டு தவணைகளாக உயர்த்த முடிவாயிற்று. முதல் தவணையாக 2025 ஜனவரியில் மணிக்கு 17.10 திர்ஹாம் ஆனது. மாதம் 191 மணி நேரம் என்ற வழக்கமான கணக்கில் இது ஏறத்தாழ 3,266 திர்ஹாம். ஊதியத்தை மொராக்கோ நாணயத்திலேயே வழங்க வேண்டும். ஊதியச் சீட்டு கட்டாயம்.

குறைந்தபட்ச ஊதியத்தைவிடக் கணக்கில் அதிகம் தவறவிடப்படுவது பணிமூப்புப் படி. இரண்டு ஆண்டு பணிக்குப் பின் ஊதியத்தில் 5 விழுக்காடு, ஐந்து ஆண்டுக்குப் பின் 10, பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் 15, இருபது ஆண்டுக்குப் பின் 20, இருபத்தைந்து ஆண்டுக்குப் பின் 25 விழுக்காடு. இதை ஊதியச் சீட்டில் தனி வரியாகக் காட்டுவதே பாதுகாப்பானது. “நாங்கள் ஆண்டுதோறும் ஊதியத்தை உயர்த்துகிறோமே, அதிலேயே அடங்கிவிட்டது” என்ற விளக்கம் தகராறின்போது எடுபடுவது அரிது. பதின்மூன்றாம் மாத ஊதியம் சட்டப்படி கட்டாயமல்ல. வங்கிகள் போன்ற சில துறைகளில் வழக்கமாக இருக்கிறது.

ஊதியத்தின் மேல் முதலாளிக்கு ஆகும் செலவு எவ்வளவு?

மாதம் 10,000 திர்ஹாம் மொத்த ஊதியம் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சமூக நலப் பயன்களுக்கான சந்தா 6,000 திர்ஹாம் உச்சவரம்பின் மீது மட்டும் கணக்கிடப்படுகிறது. முதலாளியின் பங்கு 8.98 விழுக்காடு, பணியாளரின் பங்கு 4.48 விழுக்காடு. குடும்பப் படிக்கான 6.40 விழுக்காடு, தொழிற்பயிற்சி வரியான 1.60 விழுக்காடு, கட்டாய மருத்துவக் காப்பீட்டுக்கான 4.11 விழுக்காடு ஆகியவற்றை முதலாளி உச்சவரம்பின்றி முழு ஊதியத்தின் மீதும் செலுத்த வேண்டும். மருத்துவக் காப்பீட்டில் பணியாளரின் பங்கு 2.26 விழுக்காடு, அதற்கும் உச்சவரம்பில்லை.

ஆக, நமது எடுத்துக்காட்டில் முதலாளி கூடுதலாகச் செலுத்துவது 1,749.80 திர்ஹாம், பணியாளரிடமிருந்து பிடிப்பது 494.80 திர்ஹாம். இதற்கு மேல் விபத்துக் காப்பீட்டுக் கட்டணம் உண்டு. அது தொழிலின் ஆபத்தைப் பொறுத்து மாறும். வருமான வரியை முதலாளியே பிடித்துச் செலுத்த வேண்டும். 2025ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் ஆண்டுக்கு 40,000 திர்ஹாம் வரையிலான நிகர வருமானத்துக்கு வரிவிலக்கு அளித்து, உச்ச விகிதத்தை 37 விழுக்காடாகக் குறைத்தது. நம் எடுத்துக்காட்டில் உள்ளவர் சார்ந்திருப்போர் எவருமில்லாதவர் என்றால், தொழிற்செலவுக் கழிவுக்குப் பின் மாத வரி ஏறத்தாழ 600 திர்ஹாம். கைக்கு வருவது ஏறத்தாழ 8,900 திர்ஹாம். நேர்முகத் தேர்வில் மொராக்கோவினர் பெரும்பாலும் கைக்கு வரும் தொகையையே பேசுவார்கள் என்பதால், மொத்தத் தொகையா நிகரத் தொகையா என்பதை முதல் பேச்சிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

சமூகப் பாதுகாப்பு நிதியத்துக்கான மாதாந்திரக் கணக்கையும் தொகையையும் தமான்காம் என்ற இணையத் தளத்தின் வழியாக அடுத்த மாதத்தின் 10ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும்.

வேலை நேரம், மிகை நேரம், வார விடுமுறை ஆகியவற்றுக்கு என்ன விதி?

வேளாண்மை அல்லாத துறையில் வாரத்துக்கு 44 மணி நேரம், அல்லது ஆண்டுக்கு 2,288 மணி நேரம். ஆண்டுக் கணக்கில் பகிர்ந்துகொண்டாலும் ஒரு நாளில் 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மிகை நேரத்துக்குக் காலை 6 முதல் இரவு 9 வரை 25 விழுக்காடும், இரவு 9 முதல் காலை 6 வரை 50 விழுக்காடும் கூடுதல் ஊதியம் உண்டு. வார ஓய்வு நாளில் வேலை வாங்கினால் இவை 50, 100 என இரட்டிப்பாகும்.

வார ஓய்வு குறைந்தது 24 மணி நேரம். வெள்ளி, சனி, ஞாயிறு ஆகியவற்றில் ஒன்றாகவோ, அந்த ஊரின் வாரச்சந்தை நாளாகவோ இருக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. சந்தை நாளில் ஊரே சந்தையில் இருக்கும் சிற்றூர்களை நினைத்து எழுதப்பட்ட விதி இது. நகர அலுவலகங்கள் சனி, ஞாயிறு விடுமுறையையே பின்பற்றுகின்றன. வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகவும் அதன் பின் வீட்டில் உண்ணும் கூஸ்கூஸுக்காகவும் இடைவேளை நீளும். அந்த நேரத்தில் கூட்டம் வைக்காமலிருப்பது நல்லது.

ரமலான் மாதத்தில் வேலை நேரம் குறைகிறதா?

அரசு அலுவலகங்களுக்குத் தனி நேரம் அறிவிக்கப்படும். தனியார் நிறுவனங்களுக்கு மணி நேரத்தைக் குறைக்கும் கட்டாயச் சட்டம் இல்லை. ஆனால் மதிய இடைவேளையை எடுத்துவிட்டு, இடைவிடாமல் வேலை செய்து பிற்பகலிலேயே முடித்துக்கொள்ளும் ஏற்பாடு பரவலாக உள்ளது. நோன்பு திறக்கும் நேரத்துக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை எந்த மேலாளரும் மதித்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 2018 முதல் மொராக்கோ ஆண்டு முழுவதும் கிரீன்விச் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது. ரமலான் மாதத்தில் மட்டும் கிரீன்விச் நேரத்துக்கே திரும்புகிறது. ஆகவே இந்தியாவிலிருந்து ஒருங்கிணைக்கும் அலுவலகத்துக்கு வழக்கமாக நான்கரை மணி நேரமாக இருக்கும் வேறுபாடு அந்த மாதத்தில் ஐந்தரை மணி நேரமாகும்.

விடுப்புகள் எவ்வளவு?

ஆறு மாதத் தொடர் பணிக்குப் பின் மாதத்துக்கு ஒன்றரை வேலை நாள் என்ற கணக்கில் ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு. பதினெட்டு வயது நிறையாதவர்களுக்கு மாதத்துக்கு இரண்டு நாள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றரை நாள் கூடும். மொத்தம் 30 வேலை நாளைத் தாண்டாது.

பொது விடுமுறைகளில் தேதி மாறாத தேசிய நாட்களும், பிறை பார்த்து முடிவாகும் சமய நாட்களும் கலந்திருக்கின்றன. சமய நாட்களின் தேதி கடைசி நேரத்தில் ஒரு நாள் முன்பின் நகரக்கூடும் என்பதால், சரக்கு அனுப்பும் தேதியையும் ஊதியத் தேதியையும் அந்த நாட்களை ஒட்டி வைக்கக் கூடாது. வட ஆப்பிரிக்காவின் தொல்குடியினரான அமாசிக் மக்களின் புத்தாண்டு, ஜனவரி 14ஆம் தேதி, 2024 முதல் ஊதிய விடுமுறையாகியுள்ளது. பழைய நாட்காட்டிப் படிவங்களில் அது இருக்காது.

நோய், மகப்பேறு ஆகியவற்றின்போது ஊதியம் யார் தருவது?

நோயுற்றவர் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்; நான்கு நாளைத் தாண்டினால் மருத்துவச் சான்று வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலன்றி நோய்க்கால ஊதியம் தரும் கடமை முதலாளிக்கு இல்லை. சந்தா நாட்கள் போதுமானவையாக இருந்தால் நான்காம் நாளிலிருந்து சமூகப் பாதுகாப்பு நிதியம், உச்சவரம்புக்கு உட்பட்ட ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தருகிறது. ஓராண்டில் தொடர்ச்சியாக 180 நாளுக்கு மேல் நோயினால் வராதவரை, வேலையை விட்டு விலகியவராக முதலாளி கருதலாம். பணியிட விபத்து இதில் சேராது.

மகப்பேறு விடுப்பு 14 வாரம். இதற்கான தொகையையும் நிதியமே தருகிறது. ஆனால் கணக்கு 6,000 திர்ஹாம் உச்சவரம்பில் நின்றுவிடுவதால், அதிக ஊதியம் பெறும் பெண்கள் பெருந்தொகையை இழக்கிறார்கள். மீதியை ஈடுசெய்யும் நிறுவனங்கள் சில உண்டு. திறமையானவர்களைத் தக்கவைக்க இதைவிட மலிவான வழி கிடையாது என்பது எம் கருத்து. வேலைக்குத் திரும்பிய பின் ஓராண்டு வரை காலையில் அரை மணியும் பிற்பகலில் அரை மணியும் பாலூட்டும் இடைவேளை ஊதியத்துடன் உண்டு. தந்தைக்கு மூன்று நாள் விடுப்பு.

பணியாளர் எண்ணிக்கை கூடும்போது என்னென்ன கடமைகள் சேர்கின்றன?

பத்து நிரந்தரப் பணியாளர்கள் என்பது முதல் எல்லை. அப்போது பணியாளர் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பணி விதிமுறைகளையும் வகுத்து அரசின் ஒப்புதல் பெற வேண்டும். ஐம்பது என்பது அடுத்த எல்லை. அதில் நிறுவனக் குழு, பாதுகாப்பு மற்றும் சுகாதாரக் குழு, பணியிட மருத்துவச் சேவை ஆகியவை சேரும். ஒன்பது பேரோடு நிறுத்திக்கொண்டு மற்றவர்களைக் கணக்கில் காட்டாமல் வைத்திருக்கும் பழக்கத்தை எவரும் பரிந்துரைக்கக் கூடாது. கணக்கில் இல்லாத தொழிலாளிக்கு விபத்து நேர்ந்தால் முழுப் பொறுப்பும் முதலாளியின் தலையில் விழும். 2021 பிப்ரவரியில் டான்ஜியரில் ஒரு வீட்டின் நிலவறையில் இயங்கிய தையற்கூடத்துக்குள் மழைவெள்ளம் புகுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது, மறைவான வேலையிடங்களின் நிலையை நாடு முழுவதும் பேசவைத்தது.

இந்தியரையோ இலங்கையரையோ அங்கே பணியமர்த்தலாமா?

அமர்த்தலாம், ஆனால் அரசின் ஒப்புதல் முத்திரை ஒப்பந்தத்தின் மீது இருக்க வேண்டும். அதற்கு முன், இந்தப் பணிக்குத் தகுதியான மொராக்கோவினர் கிடைக்கவில்லை என்பதற்கான சான்றை அனாபெக் என்ற தேசிய வேலைவாய்ப்பு முகமையிடமிருந்து பெற வேண்டும். மொராக்கோவினரின் வாழ்க்கைத் துணை போன்ற சில பிரிவினருக்குச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. அல்ஜீரியா, துனிசியா, செனகல் நாட்டவருக்கு இருதரப்பு உடன்பாடுகளின் அடிப்படையில் தனிச்சலுகை உள்ளது. ஒப்பந்தத்தை அரசு வகுத்த படிவத்திலேயே எழுத வேண்டும். விண்ணப்பம் இணையவழியில் செல்கிறது. பட்டங்களின் சான்றுபெற்ற பிரதிகளுக்கும் மொழிபெயர்ப்புக்கும் ஆகும் காலத்தையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சுற்றுலாப் பயணியாக நுழைந்து வேலையைத் தொடங்கிவிட்டு அனுமதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற ஆலோசனையை ஏற்க வேண்டாம்.

பணியாளர் தாமாக விலகினால் என்ன செய்ய வேண்டும்?

விலகல் கடிதத்தில் பணியாளரின் கையெழுத்து சான்றொப்பம் பெற்றிருக்க வேண்டும் என்று 34ஆம் பிரிவு கூறுகிறது. மின்னஞ்சலில் வந்த விலகலை ஏற்றுக்கொண்டு, அவருடைய இடத்தில் வேறொருவரையும் அமர்த்திய பின், “நான் விலகவில்லை, என்னை வெளியேற்றினார்கள்” என்று வழக்கு வருவது உண்டு. முத்திரை பெற்ற கடிதம் இல்லாவிட்டால் முதலாளியின் வாதம் வலுவிழக்கும். வேலைக்கு எடுக்கும்போதே வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் பழைய தந்திரத்தைத் தடுக்கவே இந்த விதி.

திடீரென வராமல் நின்றுவிட்டவரையும் விலகியவராக எடுத்துக்கொள்ளக் கூடாது. பன்னிரண்டு மாதத்தில் நான்கு நாளுக்கு மேல் காரணமின்றி வராமலிருப்பது பெருந்தவறு என்று சட்டம் ஏற்கிறது. ஆனால் அதற்கும் பதிவஞ்சலில் அழைப்பு, விசாரணை, எழுத்துமூல முடிவு என்ற வரிசையைக் கடந்தாக வேண்டும்.

பணிநீக்கம் செய்யும் முறை என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் இருக்கிறதென்றால் இதைப் படிக்கவும்.

முதலில் காரணம். திறமை, நடத்தை, நிறுவனத்தின் தேவை ஆகியவற்றில் ஒன்றைச் சார்ந்த ஏற்கத்தக்க காரணம் இருக்க வேண்டும். பெருந்தவறு அல்லாத குற்றங்களுக்குப் படிப்படியான நடவடிக்கையே வழி: எச்சரிக்கை, கண்டனம், இரண்டாம் கண்டனம் அல்லது எட்டு நாளுக்கு மேற்படாத பணி இடைநீக்கம், மூன்றாம் கண்டனம் அல்லது வேறு பிரிவுக்கு மாற்றம். ஓராண்டுக்குள் இவை அனைத்தும் தீர்ந்த பின்பே பணிநீக்கம் நியாயமாகும். திருட்டு, நம்பிக்கைத் துரோகம், பணியிடத்தில் குடிபோதை, வன்முறை, கடும் வசை, தொழில் இரகசியத்தை வெளியிட்டு நிறுவனத்துக்குத் தீங்கு விளைவித்தல் போன்றவை 39ஆம் பிரிவில் பெருந்தவறுகளாக வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. அவற்றுக்கு முன்னறிவிப்பும் ஈட்டுத்தொகையும் தேவையில்லை.

அடுத்தது முறை. தவறு தெரியவந்த நாளிலிருந்து எட்டு நாளுக்குள் பணியாளரை அழைத்து, அவர் தேர்ந்தெடுக்கும் பணியாளர் பிரதிநிதியோ தொழிற்சங்கப் பிரதிநிதியோ உடனிருக்க, அவர் தரப்பைக் கேட்க வேண்டும். அதை அறிக்கையாக எழுதி இருதரப்பும் கையெழுத்திட்டு, ஒரு படியை அவரிடம் தர வேண்டும். ஒருவர் மறுத்தால் தொழிலாளர் ஆய்வாளரிடம் செல்ல வேண்டும். முடிவு எடுத்த 48 மணி நேரத்துக்குள் கடிதத்தை நேரில் கையெழுத்துப் பெற்றோ பதிவஞ்சலிலோ சேர்ப்பிக்க வேண்டும். அதன் படி ஆய்வாளருக்கும் போக வேண்டும். காரணங்கள், விசாரணை நடந்த நாள், 90 நாளுக்குள் நீதிமன்றத்தை நாடலாம் என்ற குறிப்பு ஆகியவை அதில் இருக்க வேண்டும்.

கடிதத்தில் எழுதிய காரணங்களை மட்டுமே நீதிமன்றம் பரிசீலிக்கும். மனித நேயம் கருதி “நிறுவனத்தின் மறுசீரமைப்பு” என்று மென்மையாக எழுதி அனுப்பிவிட்டு, வழக்கு வந்ததும் திருட்டுச் சான்றுகளை எடுத்து வைத்தால் அவை பயன்படா. எட்டு நாள் கெடு தவறினாலும், அறிக்கை இல்லாவிட்டாலும், உண்மையிலேயே தவறு செய்தவரை நீக்கியதுகூட முறையற்ற பணிநீக்கம் எனத் தீர்ப்பாகலாம். தலைமையகம் வேறு நாட்டில் இருக்கும் நிறுவனங்கள் ஒப்புதலுக்காகக் காத்திருந்தே இந்தக் கெடுவைத் தவறவிடுகின்றன.

முறை தவறினால் செலவு எவ்வளவு ஆகும்?

மாதம் 8,000 திர்ஹாம் பெற்று ஏழு ஆண்டுகள் பணியாற்றிய அலுவலகப் பணியாளர் ஒருவரைக் கொள்வோம். பணிநீக்க ஈட்டுத்தொகை முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு 96 மணி நேர ஊதியம். ஆறு முதல் பத்து வரை 144, பதினொன்று முதல் பதினைந்து வரை 192, அதற்கு மேல் 240 மணி நேரம். அவருக்கு 768 மணி நேரம், அதாவது ஏறத்தாழ 32,170 திர்ஹாம். ஐந்து ஆண்டைத் தாண்டியவர் என்பதால் முன்னறிவிப்பு இரண்டு மாதம்; அது 16,000 திர்ஹாம். மேலாண்மை நிலையினர் என்றால் மூன்று மாதமாகும். இவற்றோடு, காரணமற்ற நீக்கத்துக்கான இழப்பீடு ஆண்டுக்கு ஒன்றரை மாத ஊதியம், உச்சம் 36 மாதம். அவருக்கு 84,000 திர்ஹாம். மொத்தம் ஏறத்தாழ 1,32,000 திர்ஹாம். எடுக்காத விடுப்புக்கான தொகை தனி.

வழக்குக்கு முன் தொழிலாளர் ஆய்வாளர் முன்னிலையில் சமரசம் செய்துகொள்ள வழி இருக்கிறது. அங்கே இருதரப்பும் கையெழுத்திட்டு ஏற்ற தொகையை மீண்டும் நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்க இயலாது. பெரும்பாலான தகராறுகளுக்கு இதுவே அறிவார்ந்த முடிவு.

வேலை குறைந்துவிட்டது, ஆட்களைக் குறைக்கலாமா?

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனம் பொருளாதார, தொழில்நுட்பக் காரணங்களுக்காக ஆட்களைக் குறைக்க மாநில ஆளுநரின் அனுமதியைப் பெற வேண்டும். பிரதிநிதிகளுடன் கலந்தாய்வு, ஆய்வாளரின் அறிக்கை, ஆளுநர் தலைமையிலான குழு என்று அது நீளும். உள்ளூரில் வேலையிழப்பு அரசியல் பிரச்சினையாகும் என்பதால் அனுமதி எளிதில் கிடைப்பதில்லை. நிறுவனங்கள் பேச்சுவார்த்தை மூலம் தொகை கொடுத்துப் பிரிவதையே விரும்புகின்றன. வேலையிழந்தவருக்குச் சமூகப் பாதுகாப்பு நிதியம் ஆறு மாதம் வரை உதவித்தொகை தருகிறது. 2014இல் கொண்டுவரப்பட்ட இத்திட்டத்துக்கு மூன்று ஆண்டில் 780 நாளும், அவற்றில் கடைசி ஓராண்டில் 260 நாளும் சந்தா செலுத்தியிருக்க வேண்டும்.

கைரேகை வருகைப் பதிவும் கண்காணிப்புக் கேமராவும் வைக்கலாமா?

09-08 என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய ஆணையத்துக்குக் கேமராவை அறிவிக்க வேண்டும். கைரேகை போன்ற உடலடையாளப் பதிவுக்கு முன் அனுமதி தேவை. அனுமதியில்லாத கருவியின் பதிவைக் கொண்டு ஒருவரை நீக்குவது வம்பை விலைக்கு வாங்குவதாகும். அட்டையைத் தேய்த்து வருகையைப் பதியும் பழைய கருவியே பெரும்பாலான அலுவலகங்களுக்குப் போதும்.

மேலாளரின் வீட்டுக்கு அமர்த்தும் சமையற்காரருக்கும் இவை பொருந்துமா?

அவருக்கு 19-12 என்ற தனிச் சட்டம் உள்ளது. அது 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. எழுத்துமூல ஒப்பந்தமும் அதன் ஒரு படியை ஆய்வாளரிடம் சேர்ப்பதும் கட்டாயம். வார வேலை நேரம் 48. பண ஊதியம் குறைந்தபட்ச ஊதியத்தின் 60 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. உணவும் தங்குமிடமும் தருகிறோம் என்று சொல்லி அதைக் குறைக்க முடியாது. பதினெட்டு வயது நிரம்பாதவரை அமர்த்துவது தடை செய்யப்பட்டுள்ளது. பதினாறு வயதினருக்கு அளிக்கப்பட்டிருந்த ஐந்தாண்டு இடைக்கால விலக்கு முடிந்துவிட்டது. சமூகப் பாதுகாப்பு நிதியத்தில் அவரையும் பதிவு செய்ய வேண்டும்.

பிரியும்போது எந்தக் காகிதங்களைத் தர வேண்டும்?

பணிச் சான்றிதழை எட்டு நாளுக்குள் தர வேண்டும். சேர்ந்த தேதி, விலகிய தேதி, வகித்த பதவிகள் ஆகியவற்றைத் தவிர வேறெதையும் இருதரப்பின் ஒப்புதலின்றி அதில் எழுதக் கூடாது. கணக்கு முடித்த ரசீதை இரண்டு படிகளில் எழுதி, செலுத்திய தொகைகளை வகைவாரியாகக் குறிப்பிட வேண்டும். பணியாளர் அதில் கையெழுத்திட்ட பின்னும் 60 நாளுக்குள் பதிவஞ்சல் வழியாகவோ நீதிமன்றத்தின் வழியாகவோ அதை மறுக்கலாம். எனவே அந்தக் கெடு முடியும் வரை கோப்பை மூடிவிட வேண்டாம். அலுவலகத்தின் அன்றாடத் தாள்கள் பிரெஞ்சில் இருந்தாலும் நீதிமன்றம் அரபியில் நடக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளி என்றால் இந்த ரசீதில் தொழிலாளர் ஆய்வாளரும் சமரச நடைமுறையின்படி மறுகையொப்பம் இட வேண்டும்.